திறந்த பாடநூல் மானியம்: படிவத்தைக் கடைசியில் திறவுங்கள்

அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் அறிமுக வகுப்பு எடுக்கிறேன். திறந்த பாடநூல் மானியம், அதாவது விலைக்கு வாங்கும் பாடநூலுக்குப் பதில் திறந்த உரிமத்தில் உள்ள இலவச நூலை வகுப்பில் வைக்க ஆசிரியருக்குக் கொடுக்கும் பணம், இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். முதல் முறை ஏற்கெனவே இருக்கிற புத்தகம் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவர, அடுத்த முறை பயிற்சிக் கணக்குகள் எழுத. அப்புறம் மூன்று வருடம் மற்றவர்களின் விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் குழுவில் உட்கார்ந்தேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது வேலையின் வரிசையில்தான். அறிவிப்பு மின்னஞ்சல் வந்ததும் படிவத்தைத் திறந்து, "இந்த மானியம் ஏன் தேவை" என்ற கட்டத்தில் உருக்கமாக நான்கு பத்தி எழுதிவிட்டு, அதற்கு அப்புறம்தான் புத்தகம் தேடப் போகிறார்கள். கீழே உள்ள வரிசையில் போனால் படிவம் நிரப்ப ஒரு சாயங்காலம் போதும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதெல்லாம் திறந்த பாடநூல் ஆகிவிடாது. எடுத்து வைத்துக்கொள்ளலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று உரிமத்திலேயே எழுதியிருக்க வேண்டும். நூலகம் சந்தா கட்டி வைத்திருக்கும் மின்னூல் மாணவருக்கு இலவசம்தான், ஆனால் திறந்த நூல் கிடையாது. சில மானியங்கள் அதையும் ஏற்கும், சில ஏற்காது. அறிவிப்பில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

1. பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

பெரும்பாலும் இரண்டு இடம். ஒன்று உங்கள் வளாக நூலகமோ துணைவேந்தர் நிலையில் இருக்கும் கல்வி அலுவலகமோ கொடுப்பது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகம் 2011இல் தொடங்கியது இந்த வகை, ஒரு மானியம் ஆயிரம் டாலர். இன்னொன்று மாநில அளவில் வருவது. ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் 'அஃபோர்டபிள் லேர்னிங் ஜார்ஜியா' இதற்கு நல்ல உதாரணம். அங்கே பெரிய திட்டங்களுக்கு ஒருவருக்கு 5,000 டாலர் வரை, குழுவுக்கு மொத்தம் 30,000 டாலர் வரை கொடுத்திருக்கிறார்கள்.

தொகையை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் ஆசை மூட்ட இல்லை. ஆயிரம் டாலருக்குப் புத்தகம் எழுத ஒப்புக்கொண்டு மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆயிரம் என்றால் புத்தகத்தை மாற்றிக்கொள்ளும் வேலைக்குச் சரியாக இருக்கும். எழுதும் வேலைக்கு அது கூலியே இல்லை.

விசாவில் இருப்பவர்கள் இங்கேயே ஒரு நிமிடம் நில்லுங்கள். எச்-1பி வேலை விசாவில் இருந்தால், உங்களுக்காக மனு போட்ட நிறுவனத்துக்கு மட்டும்தான் நீங்கள் வேலை செய்யலாம். பணம் உங்கள் பல்கலைக்கழகச் சம்பளத்தோடு வந்தால் பொதுவாகப் பிரச்சினை இருக்காது. வேறு வளாகமோ வெளி அமைப்போ நேரடியாகக் கொடுக்கிறதென்றால், கையெழுத்துப் போடும் முன் சர்வதேச அலுவலகத்தில் ஒரு வரி எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சக ஊழியர் "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று சொன்னது கணக்கில் வராது.

2. புத்தகத்தை முடிவு செய்யும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறதா?

நான் பார்த்த விண்ணப்பங்களில் நல்ல எழுத்தோடு வந்து விழுந்தவை அதிகமும் இங்கேதான். முதலாண்டு வகுப்புகளுக்குப் பல துறைகளில் எல்லா செக்ஷனுக்கும் ஒரே புத்தகம், அதைத் துறைக் குழு தேர்ந்தெடுக்கும். நீங்கள் ஒரு செக்ஷன் எடுக்கும் அட்ஜங்க்ட், அதாவது தற்காலிக ஒப்பந்த ஆசிரியர் என்றால் அடுத்த செமஸ்டரில் அந்த வகுப்பு உங்களுக்குக் கிடைக்குமா என்பதே நிச்சயம் இல்லை. மானியம் கொடுப்பவர்களுக்கு இது தெரியும், அதனால்தான் துறைத்தலைவரின் கடிதம் கேட்கிறார்கள்.

கடைசி நாளில் போய்க் கடிதம் கேட்டால், "இவர் நல்ல ஆசிரியர், ஆதரிக்கிறேன்" என்று மூன்று வரியில் ஒன்று வரும். அதில் ஒன்றுமே இல்லை. முன்கூட்டியே போய் இரண்டு விஷயங்களைக் கடிதத்தில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்: எந்த வகுப்பில் எத்தனை செக்ஷன் இந்தப் புத்தகத்துக்கு மாறும், விண்ணப்பித்தவர் வேறு வகுப்புக்குப் போனாலும் புத்தகம் தொடருமா. இரண்டாவதுக்குத் தலைவர் தயங்கினால் இன்னொரு ஆசிரியரையும் சேர்த்துக்கொண்டு குழுவாக விண்ணப்பியுங்கள்.

3. எடுத்துக்கொள்வதா, திருத்துவதா, எழுதுவதா?

இருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் உங்களுக்கு ஒரு சம்மர் வேலை. திருத்தி உபயோகிப்பதாக இருந்தால் ஒரு செமஸ்டரும் ஒரு சம்மரும் போகும். புதிதாக எழுதுவதென்றால், நீங்கள் மனதில் நினைத்திருக்கும் காலத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். நான் அறுபது பயிற்சிக் கணக்குகள் எழுதத்தான் மானியம் வாங்கினேன். கணக்குகள் ஆறு வாரத்தில் முடிந்தன, விடைகளைச் சரிபார்க்க அதைவிட அதிக நாள் போனது.

முதல் முறை விண்ணப்பிக்கிறவருக்கு என் யோசனை, ஒரு படி குறைத்துக் கேளுங்கள். எழுத ஆசை இருந்தால் திருத்தக் கேளுங்கள், திருத்த ஆசை இருந்தால் எடுத்துக்கொள்ளக் கேளுங்கள். மானியம் பணம் கொடுக்கும், நேரத்தைக் கொடுக்காது. வேலையை முடித்துக்காட்டியவருக்கு அடுத்த சுற்றில் பெரிய தொகை கிடைப்பது எளிது, பாதியில் விட்டவரைக் குழு மறக்காது.

தேட வேண்டிய இடங்கள் அதிகம் இல்லை. ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்து இயங்கும் ஓப்பன் டெக்ஸ்ட்புக் லைப்ரரி, லிப்ரடெக்ஸ்ட்ஸ். இரண்டாவதில் ஒவ்வொரு நூலுக்கும் பிற ஆசிரியர்கள் எழுதிய மதிப்புரைகள் இருக்கும். அதில் குறை சொல்லும் மதிப்புரைகளை முதலில் படியுங்கள், நீங்கள் பிறகு செய்ய வேண்டிய வேலையின் பட்டியல் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

4. சிலபஸையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

மொத்த வேலையில் முக்கியமான பகுதி இதுதான், ஆட்கள் தாண்டிப் போவதும் இதைத்தான். "இந்தப் புத்தகம் எங்கள் பாடத்திட்டத்துக்குப் பொருந்துகிறது" என்று ஒரு வரி எழுதினால் படிக்கிறவர் நம்பமாட்டார். நீங்களும் நம்பக்கூடாது.

ஒரு தாளை எடுத்து இடது பக்கம் 15 வாரங்களை எழுதுங்கள். நடுவில் அந்த வாரத்துப் பாடம், வலது பக்கம் திறந்த நூலின் அத்தியாயமும் உட்பிரிவும். கடைசியில் ஒரு சின்ன நெடுவரிசை விட்டு அங்கே 'இருக்கிறது', 'மாற்ற வேண்டும்', 'இல்லை' மூன்றில் ஒன்று.

என் வகுப்பையே எடுத்துக்கொள்கிறேன். ஓப்பன்ஸ்டாக்ஸின் 'இன்ட்ரொடக்டரி ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' நூலில் 13 அத்தியாயம். மாதிரி எடுப்பதில் தொடங்கி, நிகழ்தகவு, இயல்நிலைப் பரவல், மைய எல்லைத் தேற்றம், நம்பிக்கை இடைவெளி, கருதுகோள் சோதனை என்று போகிறது. நேர்கோட்டுத் தொடர்பு 12ஆவது அத்தியாயத்தில் வருகிறது. எங்கள் துறையில் அதை நான்காவது வாரமே நடத்துகிறோம், ஏனென்றால் மாணவர்கள் சிதறல் படம் போட்டுப் பார்க்கும்போதே கோட்டைப் பற்றியும் கேட்பார்கள். சரி, 12ஐ முன்னால் இழுத்தால் என்ன என்று பார்த்தால், அந்த அத்தியாயத்தின் பின்பாதி கருதுகோள் சோதனை தெரிந்திருப்பதாக வைத்துக்கொண்டு பேசுகிறது. ஆக அத்தியாயத்தை இரண்டாக வெட்டி முன்பாதியை நான்காம் வாரத்திலும் பின்பாதியைப் பதின்மூன்றாம் வாரத்திலும் வைக்க வேண்டியிருந்தது. கடைசி நெடுவரிசையில் 'மாற்ற வேண்டும்'.

இன்னொன்று, அந்த நூலில் நெடுக டிஐ-83, 84 கால்குலேட்டருக்கான பொத்தான் வழிமுறைகள் இருக்கின்றன. எங்கள் வகுப்பில் கால்குலேட்டர் கிடையாது, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள்தான். அதனால் அந்தப் பகுதிகள் எல்லாவற்றுக்கும் மாற்று எழுத வேண்டும். பொருளடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு "பொருந்துகிறது" என்று சொல்லியிருந்தால் இது ஆகஸ்டில்தான் தெரிந்திருக்கும், மாணவன் ஒருவன் கையைத் தூக்கிக் கேட்கும்போது.

இந்தத் தாளில் 'மாற்ற வேண்டும்', 'இல்லை' என்று எத்தனை இடம் வருகிறதோ அதுதான் உங்கள் வேலையின் அளவு. மொத்த இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் வேறு புத்தகத்தைப் பாருங்கள், அல்லது மூன்றாவது படிக்குத் திரும்பிப் போய் முடிவை மாற்றுங்கள்.

5. உரிமங்களை இப்போதே சரிபாருங்கள்

திறந்த நூல்களில் பெரும்பாலும் இருப்பது கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமம். அதன் எழுத்துகளை விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகியவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சுருக்கமாக: 'பிஒய்' என்றால் எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும். 'எஸ்ஏ' என்றால் நீங்கள் திருத்தியதையும் அதே உரிமத்தில் விட வேண்டும். 'என்சி' வணிகத்துக்கு ஆகாது. 'என்டி' என்றால் மாற்றிய வடிவத்தை வெளியிடக்கூடாது. கடைசி உரிமத்தில் உள்ள நூலைத் திருத்தப்போவதாக விண்ணப்பம் எழுதினால் அது அங்கேயே முடிந்தது.

வில்லங்கம் இரண்டு நூல்களைக் கலக்கும்போதுதான் வரும். 'ஓப்பன்இன்ட்ரோ ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' நூல் பிஒய்-எஸ்ஏ. ஓப்பன்ஸ்டாக்ஸின் கால்குலஸ் நூல்கள் பிஒய்-என்சி-எஸ்ஏ. இரண்டும் "என் உரிமத்திலேயே விடு" என்று கேட்கின்றன, ஆனால் இரண்டு உரிமமும் வேறு. ஒன்றிலிருந்து நாலு பத்தி, இன்னொன்றிலிருந்து மூன்று பத்தி என்று ஒரே அத்தியாயமாகக் கலந்து தைக்க முடியாது. இரண்டையும் தனித்தனியாக வைத்து, "இந்த வாரம் இதைப் படி, அடுத்த வாரம் அதைப் படி" என்று இணைப்புக் கொடுப்பதில் தடை இல்லை. ஒரே பதிப்பகத்தின் நூல்களிலும் உரிமம் வேறுபடும், பதிப்புக்குப் பதிப்பும் மாறலாம் என்பதால் நீங்கள் எடுக்கும் பதிப்பின் உரிமப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

எடுக்கிற அன்றைக்கே நான்கு விஷயத்தைக் குறித்துவையுங்கள்: தலைப்பு, எழுதியவர், மூலத்தின் இணைப்பு, உரிமம். ஐந்தாவதாக நீங்கள் என்ன மாற்றினீர்கள் என்று ஒரு வரி. "முடித்துவிட்டு மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம்" என்று நானும் நினைத்தேன். நாற்பது படம் எங்கிருந்து வந்தது என்று தேடியே இரண்டு வார இறுதி போயிற்று, அதில் ஆறு படத்துக்கு மூலம் கிடைக்காமல் எல்லாவற்றையும் நானே புதிதாக வரைந்தேன்.

6. மிச்சமாகும் பணத்தை நேர்மையாகக் கணக்கிடுங்கள்

பழைய புத்தகத்தின் விலையைத் தேடி அலைய வேண்டாம். 2008ஆம் ஆண்டின் உயர்கல்வி வாய்ப்புச் சட்டப்படி, வகுப்பு அட்டவணையோடு பாடநூலின் ஐஎஸ்பிஎன் எண்ணும் விலையும் முடிந்தவரை மாணவருக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். வளாகப் புத்தகக் கடையின் பக்கத்தில் இருக்கும். தேதி தெரியும்படி ஒரு திரைப்பிடிப்பு எடுத்துவையுங்கள், இரண்டு மாதத்தில் அந்த விலை மாறியிருக்கும்.

எல்லாரும் செய்யும் கணக்கு இது: 3 செக்ஷன், தலா 35 பேர், மொத்தம் 105. புத்தகம் 140 டாலர் என்றால் செமஸ்டருக்கு 14,700 டாலர் மிச்சம். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் 105 பேரும் புதுப் புத்தகம் வாங்குவதாக எந்த ஊரில் நடக்கிறது? பெயர் கேட்காமல் ஒரு துண்டுச்சீட்டில் வகுப்பைக் கேட்டுப் பாருங்கள். 30 பேர் புதிதாக வாங்கினார்கள், 45 பேர் 50 டாலருக்கு வாடகைக்கு எடுத்தார்கள், 30 பேர் வாங்கவே இல்லை என்று வருகிறதென்று வைத்துக்கொள்வோம். உண்மையில் செலவானது 4,200 கூட்டல் 2,250, ஆக 6,450 டாலர். இரண்டு எண்களையும் எழுதுங்கள். அதற்குக் கீழே, புத்தகமே இல்லாமல் உட்கார்ந்திருந்த அந்த 30 பேரைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். குழுவில் இருந்தபோது 14,700ஐப் பார்த்து நான் அசைந்ததில்லை, இந்த மாதிரி ஒரு வரி இருந்தால் பென்சிலை எடுத்து அடிக்கோடு போடுவேன்.

வீட்டுப்பாட மென்பொருளை மறந்துவிடாதீர்கள். புத்தகத்தை இலவசமாக்கிவிட்டு, கணக்குப் போட 100 டாலர் அணுகல் குறியீடு வாங்கச் சொன்னால் மாணவனுக்கு என்ன மிச்சம்? கணிதம், புள்ளியியலுக்கு மைஓப்பன்மேத் என்ற வீட்டுப்பாடத் தளம் இலவசமாக இருக்கிறது. வேறு பாடமென்றால் என்ன உபயோகிப்பீர்கள் என்று விண்ணப்பத்தில் பெயரோடு எழுதுங்கள்.

7. பணத்தையும் நாட்களையும் பின்னாலிருந்து எண்ணுங்கள்

ஊக்கத்தொகை பெரும்பாலும் சம்பளப் பட்டியல் வழியாக வரும், வரி பிடித்துக்கொண்டு. 5,000 என்று எழுதியிருந்தால் கைக்கு 5,000 வராது. சில இடங்களில் சம்பள வரியில் நிறுவனம் கட்ட வேண்டிய பங்கையும் மானியத்திலிருந்தே எடுப்பார்கள். சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் என்ற இரண்டு வரிகளுக்குமாக நிறுவனப் பங்கு 7.65 சதவீதம், 5,000க்கு 382 டாலர் 50 சென்ட். இதை விட்டுவிட்டு மொத்தத் தொகையையும் ஆட்களுக்குப் பங்கு போட்டு அனுப்பிய பட்ஜெட்டுகள் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். துறையின் கணக்கு அலுவலரிடம் பத்து நிமிடம் உட்கார்ந்தால் தீர்ந்தது.

ஒன்பது மாத ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் வேலையைச் சம்மரில் வைத்துச் சம்மர் சம்பளமாகக் கேளுங்கள். உதவிக்கு மாணவரை வைத்துக்கொள்வதாக இருந்தால், எஃப்-1 விசாவில் இருப்பவர் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. ஏற்கெனவே 20 மணி நேர உதவியாளராக இருக்கும் நம்ம ஊர்ப் பையனைப் பாசத்தில் பட்ஜெட்டில் சேர்த்துவிடாதீர்கள், சிக்கலில் மாட்டப்போவது அவன்.

நாட்களை எண்ணுவது இப்படி. ஆகஸ்டில் வகுப்பு. புத்தகக் கடை அதற்கான பட்டியலை வசந்த செமஸ்டர் நடுவிலேயே கேட்கும். ஆக முந்தைய இலையுதிர் காலத்தில் மானியம் உறுதியாகியிருக்க வேண்டும். தவறவிட்டால் ஜனவரி வகுப்புக்குத் தள்ளுங்கள், அவசரப்பட வேண்டாம்.

8. இப்போது படிவம்

நான்காவது படியில் செய்த தாளும் ஆறாவது படியின் இரண்டு எண்களும் கையில் இருந்தால் மீதி வெறும் நிரப்பல்தான். பாடநூல் விலை ஏறியதைப் பற்றிய முன்னுரை வேண்டாம். படிக்கிறவருக்கு அது தெரிந்துதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அந்த இடத்தில் தாளில் 'இல்லை' என்று வந்த இடங்களை எப்படி நிரப்பப்போகிறீர்கள் என்று எழுதுங்கள்.

9. கிடைத்த பிறகு முதல் வாரம்

ஒப்பந்தத்தை முழுதாகப் படியுங்கள். எழுதுவதற்கான மானியமென்றால், பதிப்புரிமை உங்களிடம் இருக்குமா பல்கலைக்கழகத்திடம் போகுமா, எந்த உரிமத்தில் வெளியிட வேண்டும் என்ற இரண்டு வரிகள் முக்கியம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைக் கொடுத்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. நாளைக்கு ஒரு பதிப்பகம் வந்து கேட்டாலும் ஏற்கெனவே வெளியே போன பிரதி அந்த உரிமத்தில்தான் இருக்கும். மனதுக்கு ஒப்பவில்லை என்றால் கையெழுத்துக்கு முன் பேசுங்கள்.

அடுத்தது, வகுப்புக்கு எந்தப் புத்தகம் என்று வளாகப் புத்தகக் கடை கேட்கும் படிவம். என் முதல் செமஸ்டரில் செய்த முட்டாள்தனம் இது. "புத்தகம் வேண்டாம், அதனால் படிவமும் வேண்டாம்" என்று காலியாக விட்டுவிட்டேன். கடையில் போன வருடப் பட்டியலை அப்படியே ஏற்றிவிட்டார்கள். முதல் நாள் வகுப்பில் பதினொரு பேர் பிளாஸ்டிக் உறை பிரிக்காத பழைய புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அதில் இருவர் உறையைப் பிரித்துவிட்டதால் முழுப் பணம் திரும்பவில்லை. 'திறந்த பாடநூல், விலை இல்லை' என்று எழுதிப் படிவத்தை அனுப்புங்கள், ஒரு வாரம் கழித்துக் கடையின் பக்கத்தைத் திறந்து உங்கள் வகுப்பு எப்படித் தெரிகிறது என்றும் பாருங்கள்.

10. திருத்தும்போதே எல்லாரும் படிக்கும்படி செய்யுங்கள்

அரசுப் பல்கலைக்கழகங்களின் இணையப் பாடங்கள் டபிள்யூசிஏஜி 2.1 ஏஏ என்ற அணுகல் அளவுகோலுக்கு (மாற்றுத்திறனாளிகளும் படிக்க முடிவதற்கானது) உட்பட வேண்டும் என்று அமெரிக்க நீதி அமைச்சகம் 2024இல் விதி வெளியிட்டிருக்கிறது. நடைமுறையில் மூன்று வேலை. படத்தில் இருப்பதைச் சொல்லும் மாற்றுரை எழுதுவது, தலைப்புகளை எழுத்தைத் தடிமனாக்கிக் காட்டாமல் தலைப்புப் பாணியில் போடுவது, சமன்பாட்டைப் படமாக ஒட்டாமல் சமன்பாடாகவே எழுதுவது.

மூன்றாவதுதான் தவறாமல் நடக்கும் தப்பு. பழைய பாடக்குறிப்பிலிருந்து சூத்திரத்தை வெட்டிப் படமாக ஒட்டினால், பார்வை இல்லாத மாணவரின் திரைவாசிப்பான் அந்த இடத்தில் "படம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ஒரு அத்தியாயத்தில் முப்பது தடவை "படம்" என்று கேட்டால் என்ன புரியும்? முடிந்த பிறகு திரும்பி வந்து மாற்றுவது எழுதும்போதே செய்வதைவிட மூன்று மடங்கு வேலை.

11. அறிக்கைக்கான எண்களை மாறுவதற்கு முன்பே எடுங்கள்

இறுதி அறிக்கையில் "மாணவர் தேர்ச்சி எப்படி மாறியது" என்று கேட்பார்கள். மாறியதைச் சொல்ல வேண்டுமென்றால் பழைய புத்தகத்தோடு நடந்த செமஸ்டரின் எண்கள் வேண்டும்: எத்தனை பேர் டி, எஃப் என்ற குறைந்த கிரேடு வாங்கினார்கள், எத்தனை பேர் பாதியில் விலகினார்கள். அதே ஆசிரியர், அதே வகைத் தேர்வு இருந்த செமஸ்டரை எடுங்கள், இல்லாவிட்டால் ஒப்பீட்டுக்கு அர்த்தம் இல்லை. முடிவுகளைக் கட்டுரையாக வெளியிடும் எண்ணம் இருந்தால் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதியைக் கருத்துக்கணிப்புக்கு முன்பே வாங்க வேண்டும், பிறகு கேட்டால் கிடைக்காது.

12. இரண்டாவது செமஸ்டர்

முதல் வாரமே எல்லா இணைப்புகளையும் ஒரு முறை சொடுக்கிப் பாருங்கள், இரண்டு மூன்று செத்திருக்கும். மாணவர்கள் இணையம் இல்லாமலும் படிக்க பிடிஎஃப் ஒன்றை வகுப்புத் தளத்தில் ஏற்றிவையுங்கள், பேருந்தில் படிக்கிறவர்கள் நிறைய. தாளில்தான் படிப்பேன் என்கிறவர்களுக்கு அச்சுப் பிரதி எங்கே, என்ன விலைக்கு என்று சிலபஸில் ஒரு வரி போடுங்கள்.

பிழைகளுக்கு ஒரு விரிதாளைத் திறந்துவையுங்கள். பக்கம், வரி, என்ன தப்பு, யார் சொன்னது. ஓப்பன்ஸ்டாக்ஸ் நூலில் இருக்கும் தப்பை அவர்களுடைய பிழைப் படிவத்தில் அனுப்பலாம், உங்கள் கையால் வந்ததை நீங்களே அன்றைக்கே திருத்திவிடலாம். முதலில் கண்டுபிடிப்பவருக்கு அரை மதிப்பெண் தருவதாகச் சொன்னேன். போன செமஸ்டரில் மட்டும் என் அறுபது கணக்கில் ஒன்பதில் தப்பு கண்டுபிடித்தார்கள், அதில் ஐந்து ஒரே பெண் கண்டுபிடித்தது. சரிபார்க்க இரண்டு மாதம் எடுத்துக்கொண்டவன் நான்.